சிரிப்பு வாயுவும் சித்திரை வெயிலும்

சித்திரை மாதத்தில் விருதுநகருக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. அங்கே பிறந்தவர்கள் ஒரு வகை. அங்கே பெண் கொடுத்தவர்கள் மற்றொரு வகை. நாம் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள். சகோதரியைப் பார்க்கப் போகிறோமா, எண்ணெய்ப் புரோட்டா சாப்பிடப் போகிறோமா என்று சிலர் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு இங்கே பதில் சொல்வதாக இல்லை.

இந்தத் தடவை போனபோது நம் மருமகன் வாசலிலேயே நம்மை மடக்கிக்கொண்டான். எஞ்சினீயரிங் படித்தவன், சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு பெட்ரோல் கார் வாங்கியிருப்பவன். குரலைத் தாழ்த்தி, "மாமா, வண்டிக்கு நைட்ரஸ் பாட்டில் வைக்கப் போகிறேன். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றான்.

பாட்டில் என்றதும் வாசகர்கள், முக்கியமாகத் தாய்மார்கள், கலவரப்பட வேண்டாம். நாமும் ஒரு கணம் கலவரப்பட்டோம். பிறகுதான் அவன் சொன்னது வேறு புட்டி என்று தெரிந்தது. 2001-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்கப் படத்தில், கார்ப் பந்தயம் விடும் இளைஞர்கள் ஒரு பொத்தானை அழுத்துவார்கள். வண்டி வில்லிலிருந்து விடுபட்ட அம்புபோல் பாயும். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருந்த புட்டிதான் இது. மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் நாற்சக்கர ராஜபாட்டையைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. அத்துடன் அவனுக்கு ஒரு நியாயமான குறையும் இருந்தது. "சித்திரை வந்தால் வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது, மாமா" என்றான். அது பொய்யல்ல. சூடேறிய காற்று விரிந்து லேசாகிவிடுகிறது. மார்கழிக் காலையில் எஞ்சின் ஒரு மூச்சு இழுத்தால் கிடைக்கும் பிராணவாயு, சித்திரை மத்தியானத்தில் அதே மூச்சுக்குக் கிடைப்பதில்லை.

புட்டிக்குள் இருப்பது நைட்ரஸ் ஆக்ஸைடு. இதை 1772-ஆம் ஆண்டில் ஜோஸப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேயர் முதலில் பிரித்தெடுத்தார். பல வருஷங்கள் கழித்து ஹம்ப்ரி டேவி என்ற இளைஞர் பிரிஸ்டல் நகரத்தில் இதைத் தாமே முகர்ந்து பார்த்தார். சிரிப்புத் தாங்கவில்லை. ஸதே, கோல்ரிட்ஜ் முதலிய கவிஞர்களுக்கும் முகரக் கொடுத்தார், அவர்களும் சிரித்தார்கள். இது வலியைப் போக்குவதால் ரணசிகிச்சைக்கு உதவலாம் என்று 1800-ஆம் ஆண்டில் வெளியிட்ட புத்தகத்தில் டேவி எழுதி வைத்தார். சிரிப்பில் கவனமாக இருந்த உலகம் அதைக் கவனிக்கவில்லை. 1844-ஆம் ஆண்டில் ஹோரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் தம் சொந்தப் பல்லையே பிடுங்கச் சொல்லிச் சோதித்த பிறகுதான் அது வைத்தியத்துக்கு வந்தது. நாற்பத்து நாலு வருஷத்துப் பல்வலிக்கு யார் ஜவாப்தாரி என்று நாம் சில சமயம் யோசிப்பதுண்டு.

வைத்தியசாலையிலிருந்து இந்த வாயு யந்திரத்துக்குப் போனது யுத்தத்தினால். இரண்டாவது உலக மகாயுத்தத்தில் விமானங்கள் மிக உயரத்தில் பறக்க வேண்டியிருந்தது. அங்கே காற்று மெல்லியது. எஞ்சின் மூச்சுத் திணறும். ஜெர்மானியர்கள் நைட்ரஸ் ஆக்ஸைடைத் தொட்டியில் எடுத்துச் சென்று எஞ்சினுக்குள் பீச்சினார்கள். பிரிட்டிஷாரும் தங்கள் மஸ்கிட்டோ விமானங்கள் சிலவற்றில் அதையே செய்தார்கள். யுத்தம் முடிந்து வெகு காலத்துக்குப் பிறகு, 1978-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவில் மோட்டார் வண்டிகளுக்கென்றே இந்தச் சாதனத்தைச் செய்து விற்க ஒரு கம்பெனி தோன்றியது.

நம் மருமகன் இவ்வளவையும் திண்ணையில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். சாயங்காலமானால் நம் மைத்துனருடன் பேச வருகிறவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. சிவகாசிப் பக்கத்தில் பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை அறையிலே தொடங்கி, போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலை பார்த்தும் அவருடைய பத்து விரல்களும் பத்திரமாக இருக்கின்றன. அந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய யோக்கியதாபத்திரம் கிடையாது.

அண்ணாச்சி வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, "தம்பி, அந்த வாயு எரியுமா?" என்று கேட்டார்.

"எரியாது, அண்ணாச்சி. பெட்ரோலை எரிய வைக்கும்."

"அப்படிச் சொல்லு. அது வெடியுப்பு" என்றார் அண்ணாச்சி.

இந்த ஒரு வார்த்தையில் ரஸாயன சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருந்தது. கரி மருந்து என்பது எடைக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிகிறவை கரியும் கந்தகமும்தான், வெடியுப்பு எரிவதில்லை. ஆனால் அது தன் வயிற்றுக்குள் பிராணவாயுவைக் கட்டி வைத்திருக்கிறது. அதனால்தான் இறுகக் கட்டிய காகிதக் குழலுக்குள், வெளிக்காற்று ஒரு துளிகூடப் புகாத இடத்தில், வாணம் எரிகிறது. நைட்ரஸ் ஆக்ஸைடும் அப்படியே. காற்றில் எடைக்கு நூற்றுக்கு 23 பங்கு பிராணவாயு. இந்த வாயுவில் 36 பங்கு. எஞ்சினுக்குள் இருக்கும் சூட்டில் அது நைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் உடைகிறது. உடையும்போதே கொஞ்சம் சூட்டையும் தருகிறது. இவ்வளவு சுற்றுவழி எதற்கு, பிராணவாயுவையே நேராகச் செலுத்தினால் என்ன என்று கேட்கலாம். செலுத்தினால் எஞ்சின் உருகிப் போகும். கூடவே வரும் நைட்ரஜன் நெருப்பைச் சற்று நிதானப்படுத்தி வைக்கிறது. தவிரவும், திரவமாகப் பீச்சப்படும் வாயு சட்டென்று ஆவியாகி உள்ளே போகும் காற்றைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதில் இன்னும் கொஞ்சம் பிராணவாயு. நம் மருமகனுக்குச் சித்திரையிலேயே மார்கழி கிடைத்துவிடுகிறது.

இதுவரையில் எல்லாம் நல்ல செய்திதான். அண்ணாச்சி அடுத்த கேள்வியைக் கேட்டார். "உப்பு கூடினால் கரியும் கூட வேண்டுமே. அதற்கு என்ன செய்வாய்?"

காரின் பத்திரம் முழுவதும் இந்தக் கேள்வியில் இருக்கிறது. சாதாரணமாக ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடைக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். நைட்ரஸ் ஆக்ஸைடானால் ஒன்பதரைப் பங்கே போதும். அதாவது, வாயு போகும் அதே நொடியில் அதற்கு ஈடான கூடுதல் பெட்ரோலும் போயாக வேண்டும். ஒழுங்கான சாதனத்தில் வாயுவுக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று என்று இரண்டு மின்சார வால்வுகள் உண்டு. இரண்டும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடும். பெட்ரோல் பம்பின் அழுத்தம் குறைந்தால் வாயுவைத் தானாகவே நிறுத்திவிடும் ஸ்விட்சும் வைப்பது நலம். பெட்ரோல் குறைந்து வாயு மட்டும் போனால் என்ன ஆகும்? "பட்டாசில் நாங்கள் அலுமினியப் பவுடரை எரிபொருளாகத்தான் போடுகிறோம், உன் வண்டியில் பிஸ்டன் எதனால் செய்தது?" என்றார் அண்ணாச்சி. மருமகன் பதில் சொல்லவில்லை. பிஸ்டனும் அலுமினியம்தான். 660 டிகிரியில் உருகக்கூடிய உலோகம். பெட்ரோல் போதாத நெருப்பு நொடிப் பொழுதில் அதில் ஓட்டை போட்டுவிடும்.

மற்ற எச்சரிக்கைகளும் இதைப் போலவே எளியவை. ஆனால் ஒன்றையும் விட முடியாது. ஆக்ஸிலேட்டரை அடிவரையில் மிதித்த பிறகுதான் வாயு திறக்க வேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது திறந்தால் அத்தனை வாயுவும் ஒரே மூச்சில் சேர்ந்து வெடிக்கும். கலவை வேகமாக எரிவதால் பொறி தட்டும் நேரத்தைச் சற்றுத் தாமதப்படுத்த வேண்டும். ஐம்பது குதிரைத்திறன் கூட்டினால் இரண்டு டிகிரி என்பது மெக்கானிக்குகளின் கணக்கு. சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்தும் ஸ்பார்க் பிளக்குகள் போட வேண்டும். 'நாக்கிங்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் தட்டுச் சத்தம் கேட்டால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். முதல் தடவையே நூறு குதிரைத்திறனுக்கு ஆசைப்படாமல் இருபத்தைந்தில் தொடங்க வேண்டும். நூறே கூட்டினாலும் ஆனந்தம் எவ்வளவு நேரம் என்று நினைக்கிறீர்கள்? பத்துப் பவுண்டுப் புட்டி சுமார் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்து போகும். இந்தச் செய்தியைக் கேட்டபோதுதான் நம் சகோதரி, அடுக்களையிலிருந்தபடியே, "இரண்டு நிமிஷத்துக்கா இவ்வளவு செலவு?" என்றாள். இரகசியம் எந்த வினாடியில் வெளியானது என்று இன்றுவரை தெரியவில்லை.

அண்ணாச்சி இதையெல்லாம் சாவதானமாகக் கேட்டுத் தலையசைத்துக்கொண்டிருந்தார். பிறகுதான் உண்மையான கேள்வியைக் கேட்டார்.

"தம்பி, வண்டி ஓடாதபோது அந்தப் புட்டி எங்கே இருக்கும்?"

"டிக்கியில்தான், அண்ணாச்சி."

"வண்டி எங்கே நிற்கும்?"

நம் மருமகன் வேலை பார்ப்பது ஒரு பட்டாசு ஆலையின் கணக்கு அலுவலகத்தில். பகல் முழுவதும் வண்டி ஆலைக்கு வெளியே, பொட்டல் வெளியில், வெயிலில் நிற்கும். வேப்ப மரத்து நிழல் முதலாளியின் வண்டிக்கு.

இந்த இடத்தில் வாசகர்கள் ஓர் எண்ணை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அது 36.4. புட்டிக்குள் நைட்ரஸ் ஆக்ஸைடு பாதி திரவமாகவும் பாதி ஆவியாகவும் இருக்கிறது. 20 டிகிரி உஷ்ணத்தில் அதன் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றைப்போல் ஐம்பது மடங்கு. எஞ்சினுக்கு உகந்தது முப்பது டிகிரி. 36.4 டிகிரியில் அழுத்தம் எழுபத்திரண்டு மடங்காகிறது. அதற்கு மேல் திரவம் என்பதே கிடையாது. எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. அதன் பிறகு ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் விறுவிறு என்று ஏறும். அளவுக்கு மேல் நிரப்பிய புட்டியானால் கேட்கவே வேண்டாம். இந்தச் சாதனத்தைச் செய்து பழகிய தேசங்களில் குளிர்காலத்தில் புட்டியைச் சூடாக்குவதற்குக் கம்பளிபோல் ஒரு மின்சார உறை விற்கிறார்கள். விருதுநகரில் அந்தக் காரியத்தைச் சூரிய பகவான் இலவசமாகவே செய்து கொடுக்கிறார்.

ஆகவே நிரப்பும்போது தராசில் வைத்து எடை பார்த்து நிரப்ப வேண்டும், கண்மதிப்பு உதவாது. புட்டியின் வாயில் அழுத்தம் மிஞ்சினால் உடைந்து வழிவிடும் மெல்லிய தகடு ஒன்று உண்டு. அந்தத் தகட்டின் துவாரத்திலிருந்து ஒரு குழாய் வண்டிக்கு வெளியே போக வேண்டும். இல்லாவிட்டால் தகடு உடையும்போது வாயு முழுவதும் வண்டிக்குள் பரவும். அதற்கு வாசனை அதிகமில்லை. மூச்சுக்கு வேண்டிய காற்றை அது வெளியேற்றிவிடும். ஓட்டுகிறவர் சிரிப்பதற்குள் மயங்கி விழுவார். மோட்டாருக்கென்று விற்கும் வாயுவில் கொஞ்சம் கந்தகப் புகை கலந்திருப்பது, யாரும் விளையாட்டாக முகரக்கூடாது என்பதற்காகவே. அடிக்கடி முகர்ந்தவர்களுக்கு உடம்பிலுள்ள பி-12 என்ற உயிர்ச்சத்து பயனற்றுப் போய், நரம்பு தளர்ந்து நடையே தடுமாறியதை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள்.

எண்ணெய்ப் பசையும் கிரீஸும் இந்த வாயுவின் குழாய்களைத் தொடவே கூடாது. எரிபொருளே இல்லாவிட்டாலும் சூட்டினாலும் அதிர்ச்சியினாலும் வாயு தானாகவே உடைந்து வெடிக்கக்கூடும். 2004-ஆம் ஆண்டில் தனியார் கட்டிய ஒரு விண்கலம் இந்த வாயுவையும் ரப்பரையும் எரித்து ஆகாயத்தின் எல்லையைத் தொட்டது. உலகமே கொண்டாடியது. அதே கம்பெனியார் 2007-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி கலிபோர்னியாவின் மொஹாவிப் பாலைவனத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ராக்கெட்டைக் கொளுத்தவில்லை, வாயு குழாயில் எப்படி ஓடுகிறது என்று மட்டும் பார்த்தார்கள். அது வெடித்து மூன்று பேர் மாண்டார்கள். 2016-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் தேதி புளோரிடாவில் இந்த வாயுவைத் தயாரிக்கும் தொழிற்சாலையிலேயே தொட்டி வெடித்து ஒரு தொழிலாளி இறந்தார். இருவரும் தெரியாதவர்கள் அல்ல, தொழில் தெரிந்தவர்கள்.

அண்ணாச்சிக்கு மொஹாவி தெரியாது. ஆனால் முதலிப்பட்டி தெரியும். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்கு அருகில் அந்த ஊர்ப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புகையைக் கண்டு உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்தவர்கள் அதில் பலர். அன்று ஓடியவர்களில் தாமும் ஒருவர் என்றார் அண்ணாச்சி. பாதி வழியில் செருப்பு அறுந்து நின்றதால் பிழைத்தாராம். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

சற்றுப் பொறுத்து, கலவை அறையில் தாம் வேலை கற்ற விதத்தைச் சொன்னார். மருந்து கலப்பது விடியற்காலையில், வெயில் ஏறுமுன். அன்றைக்கு வேண்டியது மட்டும். உராய்வு என்பதே எமன். ஆகையால் இரும்புச் சாமான் உள்ளே வராது. பருத்தி உடுப்பு, தரையில் ரப்பர் விரிப்பு. உள்ளே நுழையுமுன் தரையில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. நான்கு பக்கமும் வாசல். குளோரேட் உப்பையும் கந்தகத்தையும் கலப்பதை 1992-ஆம் ஆண்டிலிருந்து ஸர்க்காரே தடுத்திருக்கிறது. "இத்தனையும் எதற்கு, தம்பி? மருந்து கொளுத்தும்போது அபாயமில்லை. அப்போது எல்லோரும் தள்ளி நிற்பார்கள். சும்மா இருக்கும்போதுதான் அபாயம்" என்றார்.

மருமகன் விடுவதாக இல்லை. "சட்டப்படி செய்தால்?" என்று கேட்டான். சட்டத்திலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புத்தான் பட்டாசு ஆலைகளுக்கு உரிமம் கொடுக்கிறது. அழுத்த வாயு அடைத்த புட்டிகளுக்கான 2016-ஆம் ஆண்டு விதிகளை நடத்துவதும் அதே அமைப்புத்தான். சிவகாசியில் அதற்கு ஓர் அலுவலகமும் உண்டு. வாணத்துக்கும் வாயுவுக்கும் ஒரே வாசல்! அங்கீகாரம் பெறாத புட்டியில் வாயு நிரப்புவது குற்றம். ஆஸ்பத்திரியின் நீல நிற உருளையிலிருந்து மாற்றிக்கொள்வது குற்றத்தோடு பாவமும்கூட. சாலையிலோ இன்னொரு தடை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரித்தவர் குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அடுத்த வண்டியில் பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வரும் ராஜபாட்டையில் இந்த விளையாட்டுக்கு இடமில்லை என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது. ஆசை தீர வேண்டுமானால் இருங்காட்டுக்கோட்டையில் 1990-ஆம் ஆண்டிலிருந்து பந்தயத் தடம் இருக்கிறது. கோயம்புத்தூரில் கரிவரதன் பெயரால் ஒரு தடம் இருக்கிறது. அங்கே வேலி உண்டு, நெருப்பணைக்க ஆள் உண்டு, பந்தயத்துக்கு விதிகளும் உண்டு. அந்த விதிகள் எதை அனுமதிக்கின்றனவோ அதைச் செய்யலாம். முடிந்ததும் புட்டியைக் கழற்றிக் காற்றோட்டமான நிழலில் வைத்துவிடலாம்.

"நிழல்" என்ற வார்த்தையைக் கேட்டதும் அண்ணாச்சி எழுந்துகொண்டார். நம் மைத்துனரின் கடையில் எண்ணெய்ச் சூடு பார்க்க வைத்திருந்த பழைய உஷ்ணமானி ஒன்று சுவரில் தொங்கிற்று. அதை எடுத்து மருமகன் கையில் கொடுத்தார். "நாளைக்கு வேலைக்குப் போகும்போது இதை டிக்கியில் போட்டு மூடி வை. மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் போய்ப் பார். புட்டி வாங்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் நாம் ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். மதுரையைத் தாண்டும்போது கைபேசியில் ஒரு செய்தி வந்தது. தந்தி அடிப்பதுபோல் நாலே வார்த்தை:

"மாமா, டிக்கியில் ஐம்பத்தொரு டிகிரி."